‘கொஞ்சம் பார்த்துக்கங்க’ போதாது: வகுப்பு உதவியாளரிடம் பேசும் முறை

எல்.கே.ஜி. வகுப்பு ஒன்றில் ஆசிரியர் ஒரு நாளைக்கு எத்தனை முறை “ஆயாம்மா, கொஞ்சம் பார்த்துக்கங்க” என்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு எத்தனை முறை “சரிங்க மிஸ்” என்று பதில் வருகிறது என்றும் எண்ணுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் குழந்தைகள் விழுகிறார்கள், தொலைகிறார்கள், நனைந்த உடையோடு மதியம்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வகுப்பில் முப்பது குழந்தைகள். வாசலைத் தாண்டிக்கொண்டே “பார்த்துக்கங்க” என்றேன். ஆயாம்மா அப்போது மூலையில் ஒரு குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார். வகுப்பு முழுவதையும் பார்க்கச் சொன்னதாக நான் நினைத்தேன். அந்த ஒரு குழந்தையைப் பார்க்கச் சொன்னதாக அவர் நினைத்தார். பத்து நிமிடம் கழித்து நான் திரும்பியபோது ஒரு பையனைக் காணவில்லை. திடலின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயாம்மாவுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை. சொல்லத் தவறியது நான், தண்டனை அவருக்கு. இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இது யாருக்கு

மழலையர் வகுப்பிலோ தொடக்க வகுப்பிலோ இன்னொரு பெரியவரோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசிரியருக்கு. அந்த இன்னொருவர் தனியார் பள்ளியின் ஆயாம்மாவாக இருக்கலாம். ஒரே ஒரு குழந்தைக்காகப் பெற்றோர் அமர்த்தியிருக்கும் ‘ஷேடோ டீச்சர்’ ஆகவும் இருக்கலாம்.

அங்கன்வாடி உதவியாளரோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 2019-இல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது ஒரே அறைக்குள் இரண்டு துறைகள் வந்து சேர்ந்தன. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சார்ந்தவர். பணியாளரும் உதவியாளரும் சமூக நலத் துறையின் கீழ் வருபவர்கள். அங்கே ஆசிரியர் அவர்களுக்கு மேலதிகாரி அல்ல. ஆகவே கீழே சொல்லும் எதையும் உத்தரவாக அல்லாமல் ஒப்பந்தமாகவே பேசி முடிக்க வேண்டும். மற்ற பள்ளிகளிலும் அப்படிப் பேசினால்தான் வேலை நடக்கிறது.

பள்ளி திறப்பதற்கு முன்: முதல் பேச்சு

ஜூன் முதல் வாரத்து அழுகைக்கு நடுவே எதையும் பேசித் தீர்க்க முடியாது. அதற்கு முந்தைய வாரமே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. சமமாக உட்காருங்கள். வகுப்பறையிலேயே, இருவரும் நாற்காலியில். “இருக்கட்டும் மிஸ், நான் நின்னுக்கறேன்” என்பார். இரண்டாவது முறையும் சொல்லுங்கள், உட்காருவார். டீ வந்தால் இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் வரட்டும். உதவியாளருக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கும் பள்ளியில், இந்த அத்தியாயத்தில் உள்ள மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

2. எப்படி அழைப்பது என்று கேளுங்கள். பத்து வருடம் வேலை செய்தவரின் பெயர் ஆசிரியருக்கே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? செல்வி அக்கான்னு கூப்பிடலாமா?” என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு ‘ஆயாம்மா’ பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. உங்களைவிட இளையவராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’தான். நீங்கள் ‘ஏய், இங்க வா’ என்றால் நாலு வயதுக் குழந்தையும் அதையே சொல்லும். அதன்பிறகு அவர் பேச்சைக் கேட்காது.

3. அவருக்குத் தெரிந்ததை முதலில் கேளுங்கள். “போன வருஷம் இந்த வகுப்புல எது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு?” என்ற ஒரு கேள்வி போதும். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்தக் கதவு விரலை நசுக்கும், எந்த நேரத்தில் திடலில் பெரிய பிள்ளைகள் ஓடுவார்கள் என்று எல்லாம் வரும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு இது ஒரு மாத அனுபவத்துக்குச் சமம்.

4. யார் எதைச் செய்வது என்று பிரித்து எழுதுங்கள். கழிப்பறைக்கு அழைத்துப் போவது, சாப்பாட்டு டப்பா திறப்பது, உடை மாற்றுவது, தூங்கும் குழந்தைகளுக்கு அருகே இருப்பது, வேன் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஒரு பெயர். ‘இருவரும்’ என்று எழுதிய வேலையை இருவருமே செய்யமாட்டோம்.

5. உடம்பைப் பற்றிக் கேளுங்கள். நாலு வயதுக் குழந்தை ஏறத்தாழ 15 கிலோ. இடுப்பு வலியோ முட்டி வலியோ உள்ளவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். “தூக்கறது கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற வழி பண்ணலாம்” என்று நீங்கள் தொடங்கினால் சொல்வார்.

6. தலைமையாசிரியரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கழிப்பறை நேரம், சாப்பாட்டு நேரம், வீட்டுக்கு அனுப்பும் நேரம் ஆகிய மூன்றிலும் உதவியாளரை வேறு வேலைக்கு அழைக்கக் கூடாது. விருந்தினருக்கு டீ கொண்டுபோக அவரை அழைப்பதால் நடக்கும் விபத்துகள் இந்த மூன்று நேரத்தில்தான் நடக்கின்றன. இதை உதவியாளர் கேட்க முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

*குறிப்பு:* “உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். “கண்ணாடி எடுத்துட்டு வரல” என்று பட்டியலைத் திருப்பித் தந்தால் புரிந்துகொண்டு, அதைப் படமாக வரைந்துவிடுங்கள். குழாய், டப்பா, பாய், வேன் ஆகிய நான்கு படங்களும் பக்கத்தில் கடிகார முள்ளும் போதும். படப் பட்டியல் குழந்தைகளுக்கும் உதவும். மதியம் முடிந்ததும் என்ன என்று அவர்களே சுட்டிக் காட்டுவார்கள்.

எப்படிச் சொல்வது: நான்கு விவரங்கள்

‘பார்த்துக்கங்க’ என்ற சொல்லை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக இந்த வரிசையில் சொல்லுங்கள்:

1. யாரை? பெயர் சொல்லியோ எண் சொல்லியோ.
2. எங்கே? அறைக்குள்ளா, வராந்தாவிலா, வாசலிலா?
3. எதுவரை? ‘நான் திரும்பி வந்து உங்களிடம் சொல்லும்வரை’ என்பதுதான் பாதுகாப்பான எல்லை. ‘அஞ்சு நிமிஷம்’ என்பது எல்லை அல்ல.
4. எது நடந்தால் என்னைக் கூப்பிட வேண்டும்?

ஒப்பிட்டுப் பாருங்கள்.

“ஆயாம்மா, பசங்கள பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க.”

“செல்வி அக்கா, முன் வரிசை ஆறு பேரை மட்டும் கூட்டிட்டுப் போங்க. கதவுகிட்டயே நில்லுங்க. ஆறு பேரும் கை கழுவினதும் எண்ணிக் கூட்டிட்டு வாங்க. யாராவது வழுக்கினாலோ வயித்து வலின்னாலோ எனக்குக் குரல் கொடுங்க.”

இரண்டாவதைச் சொல்லப் பத்து விநாடி ஆகும். ஒரு வாரம் சொன்ன பிறகு ‘முன் வரிசை ஆறு பேர்’ என்றாலே மற்ற மூன்றும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த ‘சரிங்க மிஸ்’. பெரும்பாலும் அதற்கு ‘நீங்கள் பேசியது காதில் விழுந்தது’ என்பது மட்டுமே பொருள். புரியவில்லை என்று சொல்வது அவமானம் என்றே பலர் பழக்கப்பட்டிருக்கிறார்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும். எனவே பாரத்தை உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்: “நான் அவசரத்துல சொன்னேன், ஏதாவது விட்டுட்டேனான்னு தெரியல. எப்படிச் செய்யப் போறீங்கன்னு ஒரு தடவ சொல்லுங்களேன்.” புதிய வேலைக்கும் ஆபத்துள்ள வேலைக்கும் மட்டும் இதைக் கேளுங்கள். துடைப்பம் எடுத்து வரச் சொன்னதற்கெல்லாம் கேட்டால் சோதிப்பதாகத் தோன்றும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்:

- மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்வது. நடுவில் உள்ளதுதான் மறக்கும்.
- அறையின் மறு முனையிலிருந்து கத்துவது. குழந்தைகளின் கூச்சலில் பாதிதான் போய்ச் சேரும்.
- குழந்தையிடம் சொல்லி அனுப்புவது. “ஆயாம்மாவ வரச் சொல்லு” என்றால் அவர் வருவார், ஆனால் அந்த நேரத்தில் கழிப்பறையில் யாரை விட்டுவிட்டு வருகிறார்?
- அவர் எதிரிலேயே அவரைப் பற்றிச் சக ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் பேசுவது. சொற்கள் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது யாருக்கும் புரியும்.

காலை ஐந்து நிமிடம்

முதல் வேன் வருவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஒரு சின்ன கரும்பலகையோ நோட்டோ கதவுக்கு உள்பக்கம் இருக்கட்டும். வெளியாட்கள் பார்க்கும் இடத்தில் வேண்டாம். சொல்ல வேண்டியவை அதிகமில்லை. இன்று யாருக்கு உடம்பு சரியில்லை, யார் சீக்கிரம் போகிறார்கள், யாருடன் போகிறார்கள், இன்று என்ன செயல்பாடு, அதற்கு என்ன எடுத்து வைக்க வேண்டும். கடைசியாக, இன்று இருவரும் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு குழந்தை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நேற்று தம்பி பிறந்த குழந்தை, ஊருக்குப் போய் வந்த குழந்தை, இரண்டு நாளாக டப்பாவைத் திறக்காத குழந்தை. பெயரையும் காரணத்தையும் சொன்னால், அவர் தூக்கிக்கொள்ளும் விதமே மாறும். வீட்டு விவகாரத்தில் தேவையான அளவுக்குமேல் சொல்ல வேண்டாம். ‘வீட்ல கொஞ்சம் கஷ்டம், இன்னைக்கு அதட்ட வேண்டாம்’ என்றால் போதும்.

களிமண், வண்ணம், தண்ணீர் விளையாட்டு என்று அழுக்காகும் வேலை இருந்தால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். முப்பது குழந்தைகளின் கையைக் கழுவப் போவது அவர்தான். நடுப்பகலில் திடீரென்று வண்ணக் கிண்ணத்தை எடுப்பது அவருடைய வேலையை மதிக்காத செயல்.

பாடம் நடக்கும்போது

கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு உதவியாளரிடம் பேசினால் குழந்தைகள் கலைந்துவிடுவார்கள். நான்கு சைகைகளை முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்’, ‘விட்டுவிடுங்கள், தானே செய்யட்டும்’, ‘வெளியே அழைத்துப் போங்கள்’, ‘எண்ணிப் பாருங்கள்’. நான்குக்கு மேல் வைத்தால் நீங்களே மறப்பீர்கள். அவரும் உங்களுக்கு ஒரு சைகை காட்ட வேண்டும். என் வகுப்பில் அக்கா தோளில் கை வைத்தால் ‘உடனே வாங்க’ என்று பொருள். அதைக் கண்டால் எந்தக் கதையானாலும் நிறுத்திவிடுவேன்.

மாலையில் கேளுங்கள்

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் சொல்வதைப் பற்றியே பேசும். என் அனுபவத்தில் கேட்பதுதான் பாதிக்குமேல்.

யு.கே.ஜி.யில் ஒரு பெண் குழந்தை. பதினோரு மணிக்குமேல் எதிலும் மனம் செல்லாது. நெளிவாள், எரிந்து விழுவாள். பாடம் கடினமாக இருக்கிறது என்று நினைத்துப் பயிற்சித் தாளை எளிதாக்கிக்கொண்டே போனேன். தை மாதத்தில் ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்காவிடம் சொன்னேன். “அவ பள்ளிக்கூடத்துல ஒன்னுக்கே போறதில்லையே மிஸ். அந்தக் கதவு சாத்துனா இருட்டாயிடுது, பயம்” என்றார். ஜூன் மாதத்திலிருந்தே அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கலையே மிஸ்.”

சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வரும் குழந்தைகள் உண்டு. கதவைப் பாதி திறந்து வைத்து அக்கா வெளியே பேசிக்கொண்டே நின்றார். இரண்டு வாரத்தில் பயம் போனது. பயிற்சித் தாளில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

ஆசிரியர் கரும்பலகைப் பக்கமிருந்து பார்க்கிறார். உதவியாளர் கழிப்பறை, சாப்பாட்டுத் தரை, வேன் படிக்கட்டு ஆகிய இடங்களிலிருந்து பார்க்கிறார். உடம்பில் உள்ள தழும்பு, பசி, பயம் எல்லாம் அங்கேதான் தெரியும்.

1. கடைசி வேன் போனதும் ஐந்து நிமிடம். அறையைக் கூட்டத் தொடங்குமுன் கேளுங்கள். முடிந்தால் நீங்களும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேளுங்கள். கைகள் வேலையில் இருக்கும்போது பேச்சு எளிதாக வரும்.
2. “எல்லாம் நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள். “இன்னைக்கு யாரு சாப்பிடல?”, “யாரு ரொம்ப நேரம் தனியா இருந்தா?”, “நான் பாக்காம விட்டது எது?” என்று கேளுங்கள்.
3. அவர் சொன்னதை அவர் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள். தன் சொல் எழுத்தாவதைப் பார்ப்பவர் மறுநாள் இன்னும் கூர்ந்து கவனிப்பார்.
4. அதன்மேல் என்ன செய்தீர்கள் என்று மறுநாள் சொல்லுங்கள். சொன்னதெல்லாம் காற்றில் போனால் ஒரு மாதத்தில் சொல்வதை நிறுத்திவிடுவார்.

சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தையும் அதன் உதவியாளரும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் கற்றல் குறைபாடும் அவற்றில் அடங்கும். இப்படிப்பட்ட குழந்தையோடு ஷேடோ டீச்சர் வந்தால், ஆசிரியர் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு அந்தக் குழந்தையை அவரிடம் விட்டுவிடுகிறார். இந்த ஏற்பாட்டில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

இங்கிலாந்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் 2003 முதல் 2008 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்று, வகுப்பு உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள் படிப்பில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. பள்ளிகள் உதவியாளர்களைப் பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு என்றார்கள் ஆய்வாளர்கள். பிள்ளை ஆசிரியரிடமிருந்தும் சக பிள்ளைகளிடமிருந்தும் பிரிந்துபோனது. ஆசிரியரும் உதவியாளரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள நேரமே இல்லை. நம் ஊர் வகுப்பிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பின்வரிசை மூலையில் ஒரு மேசை, ஒரு பெரியவர், ஒரு குழந்தை. நடுவில் யாரும் இல்லை.

ஷேடோ டீச்சரிடம் முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டியவை:

1. இவன் என் மாணவன். இன்றைய பாடத்தில் இவன் எதைக் கற்க வேண்டும் என்பதை நான் சொல்வேன். எப்படி உதவினால் பலிக்கும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.
2. உட்காரும் இடம். ஒட்டி உட்கார வேண்டாம். ஒரு கை நீட்டும் தூரத்துக்குப் பின்னால். இருபுறமும் குழந்தைகள் இருக்கட்டும்.
3. உதவும் வரிசை. முதலில் காத்திருங்கள், மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பிறகு கண்ணாலோ விரலாலோ காட்டுங்கள். பிறகு ஒரு சொல். பிறகு செய்து காட்டுங்கள். கையைப் பிடித்து எழுத வைப்பது கடைசி. பெரும்பாலானோர் இந்தக் கடைசியிலிருந்துதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் மாலையில் நோட்டு நிறைந்திருந்தால் பெற்றோர் மகிழ்வார்கள்.
4. பெற்றோருக்கு எழுதுவது. டைரியில் எழுதுமுன் இருவரும் பார்ப்போம். சம்பளம் கொடுப்பவர் பெற்றோர் என்பதால் ஷேடோ டீச்சர் இரண்டு பக்கமும் இழுபடுவார். ‘இன்று எதையும் எழுதவில்லை, ஆனால் தானே பென்சிலை எடுத்தான்’ என்று எழுத அவருக்குத் துணிவு வர வேண்டுமானால், அதன்கீழ் உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும்.
5. நாளுக்குப் பத்து நிமிடம் இடம் மாற்றுங்கள். அவர் மற்ற குழந்தைகளைக் கவனிக்கட்டும். அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். இந்த ஐந்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்

குழந்தைகள் எதிரில் திருத்தாதீர்கள். உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் குறுக்கிடுங்கள், அப்போதும் “அக்கா, நான் எடுத்துக்கறேன்” என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு மாலையில். வரிசை இது: பார்த்ததைச் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள், அடுத்த முறை என்ன செய்யலாம் என்று சேர்ந்து முடிவெடுங்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று பழைய கணக்கை எடுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பயமுறுத்திச் சாப்பிட வைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வருவது. ‘பூச்சாண்டி வருவான்’, ‘ஊசி போட்டுருவாங்க’, ‘போலீஸ் பிடிச்சுட்டுப் போயிரும்’. ஆயாம்மா அன்போடுதான் சொல்கிறார். தடை மட்டும் போட்டால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. மாற்றைக் கொடுங்கள்: “ரெண்டு வாய் சாப்பிட்டா டப்பாவ நீயே மூடலாம்.” நாலு வயதுக்கு மூடி திருகுவது பெரிய பரிசு.

அடிப்பது வேறு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வதைப்பவருக்குச் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. முதல் பேச்சிலேயே, எல்லோருக்கும் பொதுவாக, “நானும் அடிக்க மாட்டேன், நீங்களும் அடிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள். பிறகு நடந்தால் அதை உங்களுக்குள் முடித்துக்கொள்ளாமல் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அடித்தது சக ஆசிரியராக இருந்தாலும் அப்படித்தான். ஆயாம்மாவுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அவர் உங்களை நம்பமாட்டார்.

பாதுகாப்பு: இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

- எண்ணிக்கை. அறையிலிருந்து புறப்படும்போதும் திரும்பும்போதும் வாய்விட்டு எண்ண வேண்டும். “பன்னிரண்டு போறோம்” என்று அவர் சொல்ல, “பன்னிரண்டு” என்று நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.
- கையில் ஒப்படைப்பது. வீட்டுக்கு அழைத்துப் போக வருபவரின் பெயர் டைரியில் இல்லையென்றால் குழந்தையை அனுப்பக் கூடாது. தெரிந்த மாமாவாக இருந்தாலும் சரி. வாசலில் அவர்கள் சத்தம் போட்டால், “மிஸ் சொன்னாத்தான் அனுப்புவேன்” என்று உங்கள் பெயரைச் சொல்ல ஆயாம்மாவுக்கு உரிமை கொடுங்கள். அவர் தடுத்து நிறுத்தியது தவறான ஆளாக இல்லாமல் போனாலும், அன்று மாலை அவரைப் பாராட்டுங்கள்.
- வலிப்பு. யாருக்கு வலிப்பு வந்ததுண்டு என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்னும் நம்மிடையே இருக்கிறது, வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், கைகால்களை அழுத்திப் பிடிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ, முதல் முறையாக வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். யார் குழந்தையோடு இருப்பது, யார் போன் செய்வது, மற்ற குழந்தைகளை எந்த அறைக்கு அனுப்புவது என்று இருவரும் ஒருமுறை நடித்தே பாருங்கள்.
- மருந்து. பெற்றோர் எழுதித் தராத மருந்து எதுவும் கிடையாது. ஆயாம்மாவின் கையில் வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரை நேரே உங்களிடம் வர வேண்டும்.
- போட்டோ. குழந்தையின் படம் உதவியாளரின் போனிலும் வேண்டாம், உங்கள் போனிலும் வேண்டாம்.
- பாலியல் துன்புறுத்தல் பற்றிய ஐயம். உடை மாற்றும்போது ஆயாம்மாதான் முதலில் பார்ப்பார். குழந்தையைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது, வேறு யாரிடமும் பேசக் கூடாது, அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லாமல் இருப்பதையே குற்றம் என்கிறது. அந்தக் கடமை அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் இருக்கட்டும்.

வாசலில் நிற்கும் பெற்றோர்

“என் பையன் எப்படிப் படிக்கிறான்?” என்று பெற்றோர் ஆயாம்மாவிடம்தான் முதலில் கேட்பார்கள். அவர் வாசலில் இருக்கிறார், நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். பேசக் கூடாது என்று தடுத்தால் அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். எல்லையை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டான், தூங்கினான், விளையாடினான் என்பதை அவர் சொல்லலாம். படிப்பு, மற்ற பிள்ளைகளோடு சண்டை, காயம் ஆகியவற்றுக்கு “மிஸ் பேசுவாங்க, கூப்பிடறேன்” என்பார். சிராய்ப்புகூட வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது என்று ஆகக் கூடாது. நீங்களே வாசலுக்கு வந்து, ஆயாம்மா பக்கத்தில் இருக்க, நடந்ததைச் சொல்லுங்கள்.

அவர் வராத நாள்

உதவியாளர் விடுப்பில் இருந்தால் பக்கத்து வகுப்பிலிருந்து யாராவது வருவார். அவருக்காக அரைப் பக்கத் தாள் ஒன்று தயாராக இருக்கட்டும். இதை உங்கள் அக்காவோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்; நீங்கள் மட்டும் எழுதினால் பாதி இருக்காது. வலிப்பு, ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெயர்கள் முதல் வரியில். பிறகு, பெல்ட் கழற்ற உதவி வேண்டியவர்கள், ஓடிவிடும் பழக்கம் உள்ளவர்கள், எந்த வேனில் யார் யார். கடைசியில் அக்காவுக்கு மட்டுமே தெரிந்தவை: யாருக்கு எந்த மூலையில் தூக்கம் வரும், யார் அழுதால் தூக்க வேண்டும், யார் அழுதால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும். பருவத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். தாளின் அடியில் எழுதியவர்கள் என்று இருவர் பெயரும் இருக்கட்டும், அவர் பெயர் முதலில்.